இருங்காட்டுக்கோட்டை ட்ராக் டே: டயர் சூட்டை வைத்து காற்றைச் சரிசெய்வது எப்படி? என் டெம்பரேச்சர் கன்னை நம்பலாமா?

ஓசூர்_ஸ்விஃப்ட் | ஞாயிறு, இரவு 10:52

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். கை இன்னும் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே இருக்கிறது. தூங்குவதற்கு முன் கேட்டுவிடுகிறேன்.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்கு என் ஸ்விஃப்டை இரண்டாவது முறையாகக் கொண்டுபோனேன். ஓசூரில் விடியற்காலை 3 மணிக்கு நான்கு டயரிலும் 32 பிஎஸ்ஐ காற்று வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே 18 டிகிரி. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று நேர் ஹைவே. ட்ராக்கில் மதியம் 31 டிகிரி. 6 லேப் (சுற்று) ஓட்டிவிட்டு, வண்டிகள் நிற்கும் பேடாக்கில் நிறுத்தி, ஆன்லைனில் வாங்கிய, தொடாமலே சூடு காட்டும் டெம்பரேச்சர் கன்னால் சுட்டுப் பார்த்தேன்.

முன் இடது: வெளி ஓரம் 88, நடு 86, உள் ஓரம் 79. காற்று 40 பிஎஸ்ஐ.
முன் வலது: 80, 80, 77. காற்று 38.
பின் இரண்டும் 62 முதல் 64 வரை, அகலம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. காற்று 36.

நான்காவது லேப்பிலிருந்து வலது வளைவுகளில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது. பக்கத்து பேடாக்கில் ஒருவர், "வெளி ஓரம் சூடா இருக்கு, டயர் மடங்குது, இன்னும் 3 பிஎஸ்ஐ ஏத்துங்க" என்றார். அவருடன் வந்தவர், "நாற்பதா? இறக்குங்க சார்" என்றார். இருவரும் அங்கேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

யார் சொல்வது சரி?

---

தக்காளி_டெம்போ | ஞாயிறு, இரவு 11:05

டீ குடிக்கப் போனது சரி.

நான் ராயக்கோட்டை மண்டிக்கு லோடு அடிப்பவன். என் வண்டியில் டயர் சூட்டை உள்ளங்கையால்தான் பார்ப்பேன். 88 என்றால் கை வைத்த வேகத்தில் எடுத்துவிடுவேன். மற்றபடி வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன், தொடருங்கள்.

---

சிப்காட்_பர்னஸ் | திங்கள், காலை 6:20

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு வேலையே ஹீட் ட்ரீட்மென்ட், சூடு அளப்பதுதான் பிழைப்பு. கன்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கன் பார்ப்பது ரப்பரின் மேல்தோலை மட்டும். தோல் நொடியில் சூடாகும், நொடியில் ஆறும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் ரப்பர்தான் டயர் நிஜமாகப் பட்ட பாட்டைச் சொல்லும். அதற்கு ஊசி மாதிரி முனை உள்ள ப்ரோப் வேண்டும். கே டைப் தெர்மோகப்பிள் என்று கேளுங்கள். வெப்பம் காட்டும் வசதி உள்ள மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் ஊசி ப்ரோப் மட்டும் வாங்கி அதில் செருகிக்கொள்ளலாம்.

அடுத்தது தூரம். பெரும்பாலான கன்களில் 12:1 என்று போட்டிருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று சுட்டால் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது என்று அர்த்தம். உங்கள் டயரின் அகலமே 18 சென்டிமீட்டர் சொச்சம். நின்றபடியே சுட்டிருந்தால் வெளி ஓரத்தோடு நடுவும் கலந்திருக்கும். அந்தச் சிவப்புப் புள்ளி குறி காட்டத்தான், அளப்பது அந்தப் புள்ளியை இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ட்ராக்கை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் கழித்துச் சுட்டீர்கள்?

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | திங்கள், காலை 8:10

கொடி காட்டினார்கள். ஒரு லேப் மெதுவாக ஓட்டி, பேடாக்கில் இடம் தேடி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு... 5 நிமிடம் இருக்கும். 7 கூட இருக்கலாம். நின்றபடிதான் சுட்டேன்.

---

சிப்காட்_பர்னஸ் | திங்கள், காலை 8:14

அப்படியென்றால் அது ஆறிப்போன சாம்பாரின் சூடு. அடுப்பில் எப்படிக் கொதித்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

---

பழைய_பேடாக் | திங்கள், மதியம் 1:35

தம்பி, ஆறின சாம்பாரிலும் கொஞ்சம் செய்தி இருக்கிறது. மெக்கானிக்காகவும் ஓட்டுநராகவும் பல வருடம் அந்தப் பேடாக்கில் வெயில் காய்ந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று இடத்தில் ஏன் அளக்கிறோம்? காற்று அதிகமானால் டயர் நடுவில் புடைத்து, நடுப்பகுதி அதிகமாகத் தேயும், நடு சூடாகும். காற்று குறைந்தால் நடு உள்வாங்கி, இரண்டு ஓரமும் பாரத்தைத் தாங்கும், ஓரங்கள் சூடாகும். ஆகவே நடுவை, இரண்டு ஓரத்தின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் கணக்கு இல்லை, அது கேம்பரின், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தின் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் உன் பக்கத்து பேடாக்கில் சண்டை வந்திருக்கிறது.

உன் முன் இடதில் ஓரங்களின் சராசரி 83.5, நடு 86. காற்று கொஞ்சம் கூடுதல். வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 9 டிகிரி அதிகம். கேம்பர் போதவில்லை. கம்பெனியிலிருந்து வந்த சஸ்பென்ஷனில் முன் சக்கரம் ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்தில் உட்காரத்தான் செய்யும். அதைக் காற்றடித்துச் சரிசெய்யப் பார்ப்பது, மேசைக்கால் ஒன்று குட்டை என்று தரையைச் செதுக்குவது போல.

ஏன் முன் இடது மட்டும் இவ்வளவு கஷ்டப்படுகிறது? 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, கடிகாரச் சுற்று. வலது வளைவுகள்தான் அதிகம், பாரம் இடப்பக்கம் சரிகிறது. உன்னுடையது முன்சக்கர இழுவை வண்டி. இழுப்பதும் அதே டயர், திரும்புவதும் அதே டயர், பிரேக்கில் பெரும்பாரம் தாங்குவதும் அதே டயர். நான்கு பேர் வேலையை ஒருவன் செய்கிறான். அப்புறம் நான்கிலும் ஒரே காற்று எதற்கு?

இறக்கு. ஆனால் கன் காட்டிய இரண்டரை டிகிரியை நம்பி இறக்காதே, அந்தக் கன்னின் பிழையே அவ்வளவு இருக்கும். 40 என்ற எண்ணை நம்பி இறக்கு. சாதாரண ரோட்டு டயருக்கு, உன் வண்டி எடைக்கு, முன்னால் சூட்டில் 36ஐ ஒட்டி வைத்து ஆரம்பி. அங்கிருந்து மேலே கீழே ஒவ்வொரு பிஎஸ்ஐயாகப் பார்.

---

தொப்பூர்_12டயர் | திங்கள், இரவு 9:48

ஒரு நிமிடம். 20 வருடமாக லாரி ஓட்டுகிறேன். சூடான டயரில் காற்றை இறக்காதே என்பது எங்களுக்கு முதல் பாடம். தொப்பூர் இறக்கம் இறங்கி நிறுத்தினால் எல்லா டயரும் ஏறித்தான் காட்டும். பயந்து இறக்கினால் ஆறியதும் குறைவாகிவிடும், குறைந்த காற்றில் ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி இன்னும் சூடாகும், வெடிக்கும். இதைப் படிக்கிற சின்னப் பையன்கள் நாளைக்கு ஹைவேயில் வால்வை அமுக்கினால் யார் பொறுப்பு?

---

பழைய_பேடாக் | திங்கள், இரவு 10:30

அண்ணே, நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ரோட்டுக்கு அதுதான் சட்டம். கதவோர ஸ்டிக்கரில் போட்டிருப்பது ஆறிய டயரின் அளவு, ரோட்டில் அதைத்தான் வைக்க வேண்டும்.

ட்ராக்கில் கணக்கு தலைகீழ். 15, 20 நிமிடம்தான் ஓட்டம். டயர் சூடான பிறகு எந்த அளவில் நிற்கிறதோ அதுதான் முக்கியம், ஆறிய அளவு அங்கே போய்ச்சேர ஒரு வழி மட்டுமே. அதனால் சூட்டில் இறக்குகிறோம். ஆனால் ட்ராக்கை விட்டு வெளியே வரும்போது திரும்ப அடித்துக்கொண்டுதான் ஹைவே ஏற வேண்டும். இதை மறந்துவிட்டு அப்படியே கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதறும்.

---

தொப்பூர்_12டயர் | திங்கள், இரவு 10:41

அப்படியென்றால் சரி. அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

---

மத்தூர்_ஆர்15 | செவ்வாய், காலை 7:55

பைக்குக்கும் இதே மூன்று இடக் கணக்கா அண்ணா?

---

பழைய_பேடாக் | செவ்வாய், காலை 9:02

இல்லை தம்பி. கார் டயர் தட்டை, பைக் டயர் உருண்டை. நேராக ஓடும்போது நடு தரையில் படும், சாயும்போது ஓரம். ஒரே நேரத்தில் அகலம் முழுக்கப் படுவதில்லை. அதனால் நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட்டு காற்றை முடிவு செய்ய முடியாது. சூட்டில் காற்று எவ்வளவு என்று பார், ரப்பர் கிழிந்திருக்கும் விதத்தைப் பார், டயர் கம்பெனி ட்ராக்குக்குத் தரும் அளவிலிருந்து தொடங்கு. அதற்குத் தனி இழை போடு, இங்கே வேண்டாம்.

---

பர்கூர்_பஞ்சர்கடை | செவ்வாய், மதியம் 3:15

காற்றை அளப்பது பற்றிப் பேசுகிறீர்கள், காற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே.

என் கடை கம்ப்ரஸர் டேங்கின் அடியில் ஒரு குழாய் இருக்கிறது. தினமும் காலையில் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் முழு டம்ளர். அதைத் திறக்காத கடைகளில் அந்தத் தண்ணீர் உங்கள் டயருக்குள் போகிறது. சந்தேகம் என்றால் காற்றடித்ததும் வால்வு முள்ளை ஒரு நொடி அமுக்கி உள்ளங்கையைக் காட்டுங்கள். பொட்டுப் பொட்டாக ஈரம் தெரியும்.

டயர் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, காற்று ஏற வேண்டியதைவிட அதிகமாக ஏறும். இரண்டு டயரில் ஈரம் இருந்து இரண்டில் இல்லை என்றால் உங்கள் கணக்கு எதுவும் நிற்காது. நைட்ரஜன் அடித்தால் வண்டி பறக்கும் என்பது கட்டுக்கதை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதில் உள்ள லாபம் ஈரம் இல்லாமல் வருவது. உலர்ந்த காற்று கிடைத்தால் அதுவே போதும்.

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | செவ்வாய், இரவு 9:20

அமுக்கிப் பார்த்தேன். முன் வலதில் கை நனைந்தது. எங்கே அடித்தேன் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில்தான்.

இன்னொரு சந்தேகம். ஓசூரில் 32 வைத்தேன். ட்ராக்கில் போய்ப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஹைவேயில் ஓடி டயர் ஏற்கெனவே சூடு. உண்மையில் ஆறிய அளவு அங்கே என்னவாக இருந்திருக்கும்?

---

சிப்காட்_பர்னஸ் | புதன், காலை 6:45

நல்ல கேள்வி. இதில் நம்ம ஊருக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல்மட்டம். கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. ஓசூரில் வெளிக்காற்று சுமார் 13.2 பிஎஸ்ஐ, கீழே 14.7. ஆக எதையும் தொடாமல் மலை இறங்கினாலே கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். கிருஷ்ணகிரி ஊருக்குள் வந்தாலே ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கிவிட்டோம்.

இப்போது உங்கள் கணக்கு. 32 உடன் 13.2 கூட்டினால் 45.2. 18 டிகிரி என்பது 291 கெல்வின், 31 டிகிரி 304. 45.2ஐ 304ஆல் பெருக்கி 291ஆல் வகுத்தால் 47.2. அதில் 14.7 போனால் 32.5. குளிரும் உயரமும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. உங்கள் அதிர்ஷ்டம். இதையே ஓசூரில் மதியம் 30 டிகிரியில் வைத்திருந்தால் அங்கே 30.6தான் காட்டியிருக்கும். அதே வண்டி, அதே கேஜ், அதே 32.

ஆகவே வீட்டில் வைத்த அளவை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். ட்ராக்குக்குப் போய், நிழலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, அங்கே வைப்பதுதான் ஆறிய அளவு. வெயில் படும் பக்கத்து டயர் நின்ற இடத்திலேயே ஏறிவிடும், அதையும் பாருங்கள்.

---

தக்காளி_டெம்போ | புதன், காலை 7:30

ஒன்றரை பிஎஸ்ஐ மலையிலேயே போய்விடுகிறதா! இத்தனை நாள் வாணியம்பாடியில் காற்று குறைவாகக் காட்டினால் பங்க் கேஜ் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

---

பழைய_பேடாக் | புதன், மதியம் 12:10

பங்க் கேஜையும் திட்டலாம், தப்பில்லை. கேஜ் விஷயத்தில் ஒரே விதி: எது வாங்கினாலும் கடைசிவரை அதே ஒன்று. என்னிடம் இருந்த இரண்டு கேஜுக்கு நடுவே இரண்டரை பிஎஸ்ஐ வித்தியாசம். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒன்றைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை இதைச் செய். பையில் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொள். டயரின் வெளி ஓரத்தில், தரையில் படும் டிரெட்டிலிருந்து பக்கச் சுவர் வரை குறுக்காக மூன்று கோடு. பல டயர்களில் தோள்பட்டை அருகே சின்ன முக்கோணக் குறி இருக்கும். 4 லேப் கழித்து வந்து பார்த்தால் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் தரையில் உரசியிருக்கிறது. முக்கோணத்தைத் தாண்டினால் மடங்குகிறது, காற்று போதாது. அதற்கு மேலேயே நின்றால் இன்னும் இறக்க இடம் இருக்கிறது. உன் கன்னைவிட 2 ரூபாய் சாக்பீஸ் நாணயமானது.

சூடு அளக்க நண்பர் ஒருவர், ட்ராக்கிலிருந்து உள்ளே வரும் பிட் லேனில் ப்ரோப்போடு நிற்கட்டும். கடைசி லேப்பை ஆற்றி ஓட்டிவிட்டு வராதே, நேரம் முடிவதற்குள் ஒரு வேகமான லேப்பிலிருந்து நேராக உள்ளே வா. முன் இடதை முதலில் அளக்க வேண்டும், வெளி, நடு, உள். உடனே அதே டயரின் காற்று. அப்புறம் மற்றவை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிடாதே, சுட்ட பிரேக் ஷூ பின் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்து. ட்ராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல், "இங்கே நிற்க வேண்டாம்" என்றால் வாதாடாமல் வெளியே போ.

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11:30

போய்வந்தேன். தம்பியை ப்ரோப்போடு நிறுத்தினேன். முதல்முறை கை நடுங்கி ஊசியை வால்வு பக்கம் குத்தப் பார்த்தான்.

பர்கூர் அண்ணன் கடையில் நான்கு டயரையும் முழுக்க இறக்கி, உலர்ந்த காற்று அடித்துக்கொண்டு போனேன். ட்ராக்கில் நிழலில் ஆறவிட்டு, 28 டிகிரியில் முன் இரண்டும் 29, பின் இரண்டும் 32.

முதல் ஓட்டம், 5 லேப். முன் இடது 37.5க்கு ஏறியது, முன் வலது 36. ப்ரோப் சொன்னது: வெளி 92, நடு 89, உள் 83. நடுவுக்கும் ஓரச் சராசரிக்கும் ஒன்றரை டிகிரி. சாக்பீஸ் முக்கோணத்துக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றது. ஆக, இறக்க இடம் இருந்தது. இடதை 36க்கு இறக்கினேன், வலதை 35.5க்கு.

இரண்டாவது ஓட்டம். 91, 87, 83. நடுவும் ஓரச் சராசரியும் ஒன்றேதான். சாக்பீஸ் சரியாக முக்கோணம் வரை. வண்டி திரும்பியது! முன்பு நான்காவது லேப்பில் கைவிட்ட டயர் ஆறாவதிலும் பிடித்தது. லேப்புக்கு ஒன்றரை நொடி குறைந்தது. அதில் எவ்வளவு காற்றால், எவ்வளவு நான் பயம் தெளிந்ததால் என்று பிரிக்கத் தெரியவில்லை.

மதியம் தார் கொதித்தது. அதே டயர் 37 தாண்டியது, இன்னும் ஒன்று இறக்கினேன். ஆசை விடவில்லை, கடைசி ஓட்டத்தில் 34 வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் முக்கோணம் தாண்டி அழிந்தது, ஓரம் 97. ஸ்டியரிங் கொழகொழவென்று ஆனது. அந்த எல்லையையும் பார்த்தாயிற்று, நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கன்னையும் விடவில்லை. வண்டி நின்றதும் அதே இடத்தை ப்ரோப் 91 என்றபோது கன் 84 என்றது. 3 நிமிடம் கழித்து கன் 70. சாம்பார் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு.

---

சிப்காட்_பர்னஸ் | திங்கள், காலை 6:30

இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

வெளிக்கும் உள்ளுக்கும் இன்னும் 8 டிகிரி நிற்கிறதே, அதை என்ன செய்யப்போகிறீர்கள்?

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | திங்கள், காலை 8:45

அலைன்மென்ட் கடையில் கேட்டேன். "கம்பெனி அளவுக்கு மேல் கேம்பர் வராது, வண்டி இழுக்கும்" என்று துரத்திவிட்டார்கள். கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரியாவது கிடைக்கும் என்கிறார்கள். தினமும் ஆபீஸ் போகும் வண்டி, உள் ஓரம் தேய்ந்துவிடுமோ என்று யோசனை. இப்போதைக்கு இரண்டு ட்ராக் டேக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன்.

---

தொப்பூர்_12டயர் | திங்கள், இரவு 10:05

எல்லாம் சரி தம்பி. திரும்பி வரும்போது காற்று அடித்தாயா?

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | திங்கள், இரவு 10:12

அடித்தேன் அண்ணா. சாயங்காலம் ஆறிய பிறகு முன் இடது 26 காட்டியது. கேட்டைத் தாண்டி முதல் பங்கிலேயே நான்குக்கும் 33 அடித்துக்கொண்டுதான் ஹைவே ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வண்டியும் ட்ராக்கில் இருந்து வந்ததுதான். அவருடையது 22.

---

மத்தூர்_ஆர்15 | செவ்வாய், காலை 7:40

அண்ணா, ப்ரோப்பை ஒரு வாரம் கடன் கொடுப்பீர்களா? பைக்குக்கு உதவாது என்று தெரியும், சும்மா குத்திப் பார்க்க.

---

ஓசூர்_ஸ்விஃப்ட் | செவ்வாய், காலை 7:58

ஞாயிறு காலை சூளகிரி டீக்கடைக்கு வா. மல்டிமீட்டரை நீயே கொண்டுவா, என்னுடையது அப்பாவுடையது.